ஊரே நடத்தும் சூழல் சுற்றுலா எங்கள் மலைக்குச் சரிப்படுமா?

கடம்பூர் மலையான்:
எங்கள் ஊர் கடம்பூர் மலையில், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்து யானை இறங்கிவிடும், ராத்திரி முழுக்கப் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டினாலும் விடியும்போது பாதிப் பயிர் மிதிபட்டுக் கிடக்கும். நட்டம் எங்களுக்கு, யானை பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணம் வெளியூர்க்காரர்களின் ரிசார்ட்டுக்கு. எங்கள் பையன்களுக்கு அங்கே கிடைப்பது பாத்திரம் கழுவும் வேலைதான். ஊராளிப் பழங்குடிக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு சூழல் சுற்றுலாவை ஊரே எடுத்து நடத்தலாமே என்று இப்போது பேச்சு ஓடுகிறது. அப்படிச் செய்தால் காட்டுக்கு நல்லதா, இல்லை கூட்டம் கூடி இருப்பதும் கெட்டுப்போகுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தேனி செல்வி:
தேக்கடிக்கு ஒருமுறை போய் வாருங்கள் அண்ணா, ஆனால் படகு ஏறிவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அங்குள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில் ஒரு காரியம் செய்தார்கள். காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துக்கொண்டிருந்தவர்களையே ஒரு குழுவாக்கி, பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் வேலையை அவர்களிடம் கொடுத்தார்கள். திருடுகிறவன் எந்தத் தடத்தில் வருவான் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பயணிகளோடு நடக்கிற நடையே ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. ஒரு நடைக்குச் சில பேரைத்தான் அனுமதிப்பார்கள், துப்பாக்கியோடு வனக்காவலரும் கூடவே வருவார். முன்னால் போகிறவர் சட்டென்று நின்று, ஈர மண்ணில் காட்டுமாட்டின் குளம்புத் தடத்தைக் காட்டுவார், விளிம்பு இன்னும் உதிரவில்லை, இப்போதுதான் போயிருக்கிறது, பேசாமல் வாருங்கள் என்பார். அங்கேயே வசந்த சேனா என்று பெண்கள் குழு ஒன்று, 2002-லிருந்து கூலி வாங்காமல் முறைவைத்துச் சந்தனக் காட்டைச் சுற்றி வருகிறது. காவல் வேலையோடு சேராத சுற்றுலா வெறும் வியாபாரம்தான், அதற்கு ரிசார்ட்டே போதும்.

பவானிக்கரை:
செல்வி சொன்னது சரி. நான் பரளிக்காட்டைச் சொல்கிறேன், காரமடைக்கு மேலே, பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல் பயணம், 2007-லிருந்து நடக்கிறது. பரிசல் தள்ளுவது இருளர்கள், மதியச் சாப்பாடு அங்குள்ள பெண்கள் கையால். முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் இடம் என்பதால் கூட்டம் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் 2020-இல் கொரோனா வந்தபோது நாடு முழுக்கச் சுற்றுலா நின்றுபோனதை மறந்துவிடாதீர்கள், காட்டுத்தீக் காலத்திலும் மலையேற்றத்துக்குத் தடை வரும். அதனால் ஆடு மாட்டையும் ராகியையும் விட்டுவிட்டு யாரும் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், கைச்செலவுக்கு ஒரு வருமானம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வங்கிக் கணக்கு. பல இடங்களில் குழுவுக்குத் தலைவர் ஊர்க்காரர், செயலாளர் வனவர், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம். வரவு செலவை மாதாமாதம் ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். தீவனம், விதை என்று வந்த பழைய திட்டங்களில் பணம் எங்கே போனது என்று எங்கள் பக்கத்தில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

காட்டுப்பூவரசு:
நாகாலாந்தில் கோனோமா என்று அங்காமி நாகர்களின் கிராமம் ஒன்று. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியவர்கள், 1998-இல் தாங்களே வேட்டையை நிறுத்தி, டிராகோபன் பறவைக்காகத் தங்கள் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள். அந்த நிலம் ஊருடையது, அதனால் முடிந்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லை, சுற்றிலும் காப்புக்காடு. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, காட்டையும் விலங்குகளையும் காக்கிற அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கிறது. முதலில் சமூக வன உரிமைக்கு, அதாவது காட்டின்மேல் ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கிடைக்கும் உரிமைக்கு, மனுப் போடுங்கள். அது கையில் இருந்தால் நாளைக்கு எந்த அதிகாரி மாறி வந்தாலும் உங்களை ஒதுக்கிவிட்டு ஒரு குத்தகைக்காரரிடம் கொடுப்பது கடினம்.

கடம்பூர் மலையான்:
நன்றி. மனு விஷயம் இங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதையும் கணக்கு விஷயத்தையும் எடுக்கிறோம், ஊராளிப் பெரியவர்களை அதற்கு முன்பே உட்கார வைத்துப் பேச வேண்டும், பாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான். செல்வி, அந்தப் பெண்கள் குழுவை எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் வந்து பார்க்க வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும்?