வீட்டுக் கொட்டகையில் ஒரு பந்தயக் கார்: அனுபவப் பகிர்வு

லெஸ்டர், இங்கிலாந்து

பழைய பந்தயக் கார் ஒன்றின் நகலைக் குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டியவர்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இங்கே எழுதுங்கள். நான் கட்டியது லோட்டஸ் செவன் என்ற சிறிய திறந்த காரின் வகை. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

“அசல் இல்லாத காருக்கு எதற்கு இத்தனை பாடு?” என்று என்னைக் கேட்காதவர் குறைவு. செவனைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி பொருந்தாது என்று உறுதியாக நம்புகிறேன். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1948-இல் தன் முதல் காரைக் கட்டிய இடம், வடக்கு லண்டனில் பின்னாளில் தன் மனைவியான ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்புறமிருந்த ஒரு கொட்டகை. அதற்கு அடிப்படை, ஆஸ்டின் நிறுவனத்தின் ‘செவன்’ என்ற பழைய சிறு கார். 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவனும் பெரும்பாலும் உதிரிகளாகவே விற்கப்பட்டது. முழுக் காருக்கு அரசு விதித்த கொள்முதல் வரி, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் உதிரிகளுக்குக் கிடையாது. ஆக, வாங்கியவரின் கையால் வீட்டில் பூட்டப்படுவதற்கென்றே பிறந்த கார் அது. இன்று ஒருவர் தன் கொட்டகையில் அதைக் கட்டும்போது அந்தக் காரின் வழக்கத்தைத்தான் தொடர்கிறார்.

1996-இல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், இப்படியொரு காரை 250 பவுண்டுக்குக் கட்டலாம் என்று அளவுகளோடு ஒரு நூல் எழுதினார். அதன் பிறகு இந்த வகைக்கு ‘லோகாஸ்ட்’ (குறைந்த செலவு) என்ற பெயர் நிலைத்தது. 750 மோட்டார் கிளப் என்ற பந்தயச் சங்கம் இதற்கென்று பந்தயத் தொடரே நடத்தியது. அந்த 250 பவுண்டு இன்று நான்கு டயர் வாங்கவே சரியாகப் போகும். ஆனாலும் அவர் போட்டுக் காட்டிய கணக்கு இன்றும் செல்லும். ஒரே ஒரு பழைய காரை வாங்க வேண்டும், தேவையானதையெல்லாம் அதிலிருந்தே எடுக்க வேண்டும், மிச்சத்தை விற்றுவிட வேண்டும். என்ஜின் ஓரிடம், கியர்பாக்ஸ் ஓரிடம், பிரேக் வேறோரிடம் என்று அலைந்தால் ஒன்றோடொன்று பொருத்துவதற்கான இணைப்புத் துண்டுகளுக்கே பணம் கரைந்துவிடும்.

அவர் காலத்தில் அந்தப் பழைய கார் ஃபோர்டு எஸ்கார்ட். பின்சக்கரத்தால் ஓடும் எஸ்கார்ட் 1980-இல் நின்றுபோனது. இன்று அதை நல்ல விலை கொடுத்து வாங்கிப் பாதுகாக்கிறார்கள். பிரிக்க யாருக்கும் மனம் வராது. நான் தேர்ந்தெடுத்தது மாஸ்டா எம்எக்ஸ்-5. என்ஜின் முன்னால், இயக்கம் பின்சக்கரத்துக்கு என்பதால் செவனுக்கு அப்படியே பொருந்தும். அந்தக் காருக்கு ஒரு பலவீனம் உண்டு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி பின்சக்கரத்துக்கு அருகே துருவேறி உதிரும். ஆண்டுச் சோதனையில் தேறாது. சரிசெய்யும் கூலியோ காரின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் உள்ளே என்ஜினும் கியர்பாக்ஸும் திடமாகவே இருக்கும். நாம் தேடுவது அத்தகைய காரைத்தான்.

என்னுடையதை டெர்பிக்கு அருகே ஒரு முதியவரிடம் வாங்கினேன். பிரிக்கப்போகிறேன் என்று சொன்னால் தர மறுப்பாரோ என்று தயங்கியபடியே உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. சர்வீஸ் ரசீதுகள் அடங்கிய உறையை உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொன்னார்: “சோதனைச் சான்று முடிவதற்குள் நன்றாக ஓட்டிப் பார்த்துவிடு. பிரித்த பிறகு தெரியவரும் கோளாறு பழைய காருடையதா, புதிய காருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.” இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை இதுதான். ஓட்டிப் பார்த்ததில் பின்பக்க பிரேக் காலிப்பர் ஒன்று இறுகியிருப்பதும் என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நிற்பதும் முன்கூட்டியே தெரிந்தன. அந்தக் காரோடு வந்த கடினக் கூரைக்கு நல்ல கிராக்கி இருந்தது. அதையும் கதவுகளையும் இருக்கைகளையும் விற்றதில் கார் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது.

சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய். சுவரின் கனம் 1.6 மில்லிமீட்டர். கனமான ஒட்டுப்பலகையை மட்டம் பார்த்து மேசையாக நிறுத்தி, நடுக்கோடு போட்டு, முழு அளவில் அதன்மேலேயே வரைந்துகொண்டேன். கோட்டின் இருபுறமும் மரக்கட்டைகளைத் திருகி, அவற்றுக்கிடையே குழாயைப் படுக்கவைத்தால் அது நகராது. முதலில் எல்லா மூட்டுகளுக்கும் பிடித்து நிறுத்தும் அளவுக்குச் சிறு புள்ளிகளாக வெல்டிங் மட்டும். மூலைவிட்டங்களை அளந்து, இரண்டும் ஒத்துப்போன பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சூடு ஒரு பக்கம் சேர்ந்தால் குழாய் அந்தப் பக்கம் இழுத்துவிடும். குறுக்கே சாய்வாக ஓடும் குழாய்களை அழகுக்கு என்று எண்ணி யாரும் விட்டுவிட வேண்டாம். சதுரச் சட்டத்தை ஓரத்தில் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. இந்தக் காரின் உறுதி முழுவதும் அந்த முக்கோணங்களில் இருக்கிறது.

சாலையில் ஓட்ட ஐவிஏ என்ற தனிவாகன ஒப்புதல் சோதனை உண்டு. சோதனையாளர் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றைக் காரின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பார். அந்த உருண்டை தொடும் எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட் தலைக்கும் ஒரு தொப்பி, தகட்டு ஓரங்களுக்கு ரப்பர் பட்டை என்று போட்டுக்கொண்டே வந்தேன். காரைச் சொந்தக் கையால்தான் கட்டினோம் என்பதற்குப் புகைப்படங்கள் சான்றாகும். தொடக்கத்திலிருந்தே எடுத்து வையுங்கள்.

கோவை

லெஸ்டர் நண்பருக்கு வணக்கம். அறுபதைக் கடந்தவன் நான். இங்கே கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தேன். இந்தியாவில் கட்டுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே கையால் கட்டிய காரைச் சாலையில் ஓட்டும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி புதிய மாதிரி ஒவ்வொன்றும் சோதனை நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் தொழிற்சாலைகளுக்காக ஏற்பட்ட முறை அது. ஒரே ஒரு காருக்காகத் தனிமனிதர் அந்தச் செலவைத் தாங்க முடியாது. பந்தய ஓட்டக்களத்துக்கு மட்டுமான கார் என்று நான் முடிவுசெய்ததும் விளக்கு, வைப்பர், ஹாரன், கதவு எல்லாம் கணக்கிலிருந்து கழன்றுவிட்டன.

நான் எடுத்துக்கொண்ட மாதிரி கூப்பர் 500. சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் 1946-இல் சர்பிட்டனில் தங்கள் கேரேஜில் கட்டியது. இரண்டு ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பாகங்களை வெட்டி எதிரெதிராக இணைத்தார்கள்; ஓட்டுபவருக்குப் பின்னால் 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் என்ஜின்; அங்கிருந்து சக்கரத்துக்குச் சங்கிலி. சங்கிலி குட்டையாக இருக்கத்தான் என்ஜினைப் பின்னால் வைத்தார்கள். அப்படிச் சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு, 1959-இல் ஜாக் பிராபம் கூப்பரில் உலகச் சாம்பியன் ஆனபோது பந்தயக் கார்களின் உருவத்தையே மாற்றிவிட்டது. புகழ்பெற்ற பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ் 1948-இல் பந்தயத்துக்கு வந்ததும் இந்த 500-இல்தான். ஏழைகளின் பந்தயம் என்று தொடங்கிய வகுப்பிலிருந்து இப்படிப்பட்டவர்கள் வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

500 சிசி ஒற்றை சிலிண்டர் என்றால் நமக்குப் புல்லட் இருக்கிறது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடி, விபத்தில் சட்டம் வளைந்துபோன பழைய புல்லட் 500 ஒன்றின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் வாங்கினேன். ஹப், டிஸ்க், ஆக்சில் எல்லாம் ஒரு மாருதி 800-இலிருந்து. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற நெடிய ஸ்பிரிங் தண்டு மட்டும் உதவாது; உயரமாக நிற்பதால் கூப்பரின் தாழ்ந்த மூக்குக்கு மேலே தலைநீட்டும். அதற்கு மாற்றாக விஷ்போன் என்ற கவைவடிவக் கைகளை நானே செய்துகொண்டேன்.

யோசிக்கவைத்த இடம் சங்கிலிதான். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது சங்கிலி ஒரு நேரம் தொய்யும், ஒரு நேரம் இறுகும். ஆகவே சங்கிலி ஓடும் பெரிய பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை சேசிஸோடு பிணைத்த ஒரு தண்டில் ஏற்றி, அந்தத் தண்டிலிருந்து இருபுறமும் மாருதி ஆக்சில்கள் சக்கரத்துக்குப் போகும்படி செய்தேன். ஆட்டத்தை ஆக்சிலின் மூட்டு வாங்கிக்கொள்ளும், சங்கிலி அசையாது. மாருதியின் இரண்டு ஆக்சில்களும் ஒரே நீளமில்லை. புல்லட்டின் சங்கிலியும் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஓடுகிறது. ஒன்றின் கோணலை மற்றொன்று சரிசெய்துவிட்டது. ஆக்சிலை வெட்டி வெல்டிங் வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கூடவே கூடாது. ஆக்சிலின் நீளத்துக்கு ஏற்ப சேசிஸின் அகலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் காற்று வாங்கிக் குளிரும் என்ஜினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அது சூட்டில் தவிக்கும். அலுமினியத் தகட்டில் இருபுறமும் காற்றுவாய் செய்து சிலிண்டரை நோக்கித் திருப்பிவிட்டேன். அதைத் தட்டி வளைத்துக் கொடுத்தவர் பஸ்ஸுக்கு பாடி கட்டிய ஒரு டிங்கர். வரைபடத்தை நீட்டினேன், வாங்கிப் பார்க்கவே இல்லை. கையால் காரின் மேல் காற்று போகும் வழியைக் காட்டச் சொன்னார். அதைப் பார்த்துத் தட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

எங்கள் ஊருக்கு இதில் வழிகாட்டி எஸ். கரிவர்தன். மாருதி 800 என்ஜினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில்தான் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயன் பந்தய வாழ்வைத் தொடங்கினார். செட்டிபாளையம் ஓட்டக்களம் அவர் நினைவாகவே கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் பெற்றது. என் கார் முதலில் ஓடியதும் அங்கேதான்.

ஹாரோ, லண்டன்

இருவருக்கும் வணக்கம், அண்ணா. நாங்கள் கட்டிக்கொண்டிருப்பதும் செவன்தான், ஆனால் பழைய ‘செவன் ஏ’ வகை. அதில் பிஎம்சி நிறுவனத்தின் 948 சிசி ஏ-சீரிஸ் என்ஜின் இருந்தது. மோரிஸ் மைனரிலும் இருந்தது அதுவே. அப்பா அந்த என்ஜினைத்தான் வேண்டும் என்றார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் மோட்டார் மெக்கானிக். அங்கே ஆஸ்டின் ஏ40-உம் மோரிஸ் மைனரும் இன்றும் ஓடுகின்றன. யுத்த காலத்தில் பெட்ரோல் தடைசெய்யப்பட்டபோது அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோல் விட்டு என்ஜினைத் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அப்படி ஓட்டியதில் புகை பிடித்த பிளக்குகளை நாள்தோறும் துடைத்தவர் அவர். இங்கே வந்தபிறகு வேறு வேலைதான் பார்த்தார். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவரை இந்தக் கார் மறுபடி எழுப்பிவிட்டது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் எஸ்யு கார்புரேட்டரை அவர் சரிசெய்வதைப் பார்த்து நான் எழுதிவைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பிஸ்டனை மயிரிழை அளவு உயர்த்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்பார். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி நிற்கப் பார்த்தால் குறைவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கருவி எதுவும் வேண்டாம்.

முன்சக்கரத் தாங்கிகளை, அதாவது சக்கரத்தின் ஹப்பைப் பிடித்து நிற்கும் செங்குத்துத் துண்டுகளை, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரிலிருந்து எடுத்தோம். 1960-இல் வந்த இரண்டாம் தொடர் செவனில் அதே குடும்பத்தைச் சேர்ந்த டிரையம்ஃப் ஹெரால்டு காரின் தாங்கிகள் இருந்தன. அவற்றின் கீழ்மூட்டுக்கு கிரீஸ் அடிக்காதீர்கள், கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே போய்ச் சேராது. உலர்ந்துபோன மூட்டு தேய்ந்து, ஓடும்போதே ஒடிந்துவிடும். அலுமினியத் தகட்டை இரும்புக் குழாயோடு நேராக ரிவெட் அடிக்கவும் வேண்டாம். ஈரம் பட்டால் இரண்டும் சேருமிடத்தில் அலுமினியம் அரித்துப் பொடியாகும். குழாய்க்குப் பெயிண்ட் அடித்து, இடையில் பாலியூரித்தேன் பசை தடவிய பிறகே ரிவெட்.

கோவை அண்ணா, உங்கள் காரின் ரோல் பாருக்கு, அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக்கு, என்ன குழாய் போட்டீர்கள்? இந்தச் சதுரக் குழாயிலேயே வளைத்துவிடலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.

கோவை

வேண்டாம் தங்கையே. சதுரக் குழாய் வளைவில் மடங்கிவிடும். ரோல் பாருக்கு இழுத்துச் செய்த தையலில்லாக் குழாய் மட்டுமே. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ கூறும் அளவு, பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும். தாங்கு கால்களுக்கு 38-க்கு 2.5. சூடாக்காமல் இயந்திரத்தில் வளைக்க வேண்டும். கால் ஊன்றும் இடத்தில் குழாயை நேராகச் சதுரக் குழாய்மேல் வைத்துவிடாதீர்கள், துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். அடியில் 3 மில்லிமீட்டர் தகடு போட்டு, அந்தத் தகடு சேசிஸின் இரண்டு குழாய்களையாவது பிடிக்கும்படி வெல்டிங் வையுங்கள். ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்தால் உங்கள் தலைக்கும் அப்பாவின் தலைக்கும் மேலே வளைவு நிற்கிறதா என்று பார்த்த பிறகே உயரத்தை முடிவுசெய்யுங்கள். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்த பணத்தை நான் இதற்கும் இருக்கைப் பட்டைக்கும் பிரேக் குழாய்களுக்கும் செலவிட்டேன். இம்மூன்றையும் பழைய இரும்புக் கடையில் வாங்கவில்லை. வெல்டிங் முடிந்ததும், பெயிண்ட் அடிப்பதற்கு முன் படம் எடுத்துப் போடுங்கள். மூட்டுகளைப் பார்த்துச் சொல்கிறேன்.