ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை வைத்து ஊரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

சுவடிப்பூச்சி:
புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், வணிகத் தரகர்) இருந்த பிள்ளையின் நாட்குறிப்பில் (1736–1761) சாதித் தகராறு பற்றிய பதிவுகளை ஆண்டுவாரியாக எண்ணினால் 1747க்குப் பிறகு தொகை எகிறுகிறது. "புதுச்சேரியில் தகராறு பெருகியது" என்று ஆய்வேட்டில் எழுதலாமா? ஒரு துபாஷியின் குறிப்பு ஊருக்கே பொருந்துமா என்று கேட்டால் என்ன சொல்வது?

ஓலைக்கட்டு:
எழுதாதீங்க. முதல் பத்தாண்டுக்குப் பக்கங்கள் குறைவு; பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்த 1746ஐ ஒட்டித்தான் குவிகின்றன. பக்கம் பெருகினால் கல்யாணக் குறிப்புகூடத்தான் பெருகும். அதோடு, தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலி 1746இல் இறந்து, அந்தப் பதவி பிள்ளைக்கு வந்தபின் வழக்குகள் அவர் வாசலுக்கே வருகின்றன.

மாதத்துக்கு ஒரு வரி போட்டு அட்டவணை தயாரியுங்கள்: தேதியிட்ட நாட்கள், பக்கங்கள், தகராறுப் பதிவுகள். பதிவுகளைத் தேதியிட்ட நாட்களால் வகுங்கள். குறிப்பே கிடைக்காத மாதத்துக்கு 0 போடக்கூடாது, காலியாக விடவேண்டும். ஏடு தொலைந்த மாதமும் சண்டை இல்லாத மாதமும் ஒன்றல்ல. கல்யாணக் குறிப்புகளையும் இதே மாதிரி வகுத்துப் பாருங்கள். அவையும் அதே அளவு ஏறினால், நீங்கள் அளந்தது தகராறை அல்ல, அவர் எழுதிய அளவை.

எண்ணுவதைத் தமிழ் மூலத்தில் செய்யுங்கள். மொழிபெயர்ப்பில் இரண்டு சொல் ஒன்றாகியிருந்தால் வகைப்பிரிப்பே கெட்டுவிடும்.

நெசவுத்தறி:
யார் எந்த வழியாக நாட்குறிப்புக்குள் வருகிறார்கள் என்றும் குறியுங்கள். நெசவாளர் துணி ஒப்பந்தம் வழியாக வருவார்கள். அடிமைகள், 1743இல் ஆள்பிடித்து விற்ற விவகாரம் மாதிரி, வழக்கானால்தான் தென்படுவார்கள். ஒப்பிட இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு (1778–1792) இருக்கிறது. அவர் நயினார், காவல் பொறுப்பு. தெருச்சண்டை அவருக்கு வேறு மாதிரி தெரியும்.

ஓலைக்கட்டு:
கோணத்துக்குச் சரி, சரிபார்க்க உதவாது. 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துவிட்டார்கள். வேறுபாடு தெரிந்தால் ஆளாலா காலத்தாலா என்று பிரிக்க முடியாது. பிள்ளை எழுதிய அதே ஆண்டுகளின் பிரெஞ்சு ஆட்சிமன்றப் பதிவுகளோடு பொருத்துங்கள். மாதாகோயில் பதிவேடும் உண்டு, ஆனால் அதில் கிறிஸ்தவர் மட்டும்தான். கனகராய முதலியும் கிறிஸ்தவர். அதோடு பிள்ளைக்குப் போட்டியாளர். அந்தத் தரப்பைப் பற்றிப் பிள்ளை எழுதியதைத் தனியாக ஒதுக்கி, அதை விட்டும் ஒருமுறை எண்ணுங்கள்.

சுவடிப்பூச்சி:
அப்படியானால் இயல் தலைப்பு "தலைமைத் துபாஷியின் வாசலுக்கு வந்த தகராறுகள்" என்று மாறும்.

நெசவுத்தறி:
ஆமாம். அந்த வாசலுக்கு யார் வரமுடியாது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.