மச்சான் தொழில் பணம் என் கணக்கில்: வசூல் ஒப்பந்தம் எழுதிய அனுபவம் யாருக்காவது உண்டா?

வேறு நாட்டில் தொழில் செய்யும் மச்சான், அவருடைய வாடிக்கையாளர்கள் தரும் பணத்தை என் சொந்தக் கணக்கில் வாங்கி அனுப்பச் சொல்கிறார். பணம் அவருடையது என்பதற்கு எழுத்து இல்லையென்றால் வரித்துறை அதை என் வருமானமாகவே பார்க்கலாம். அன்பளிப்பு என்றும் சொல்ல முடியாது; பணம் போடுவது வாடிக்கையாளர்கள், உறவினர் இல்லையே; இன்வாய்ஸும் மச்சான் பெயரில்தான். தனிநபர் கணக்கில் வணிகப் பணம் வந்த வேகத்தில் வெளியே போனால், கறுப்புப் பணச் சந்தேகத்தில் வங்கி கணக்கை முடக்கவும் கூடும். அவர் பெயரிலேயே வணிகக் கணக்கு திறப்பதுதான் உத்தமம். மனுஷன் கேட்டால்தானே!

கமிஷன் மட்டுமே என் வருமானம் என்று வசூல் முகவர் ஒப்பந்தம் எழுதிய ஆடிட்டர், வக்கீல் யாராவது இருக்கிறீர்களா? இதற்கென்றே தனிக் கணக்கு, இன்வாய்ஸ் நகல், மாதாந்திரக் கணக்கு முடிப்பு தவிர வேறென்ன வேண்டும்? பிறர் பணத்தை வசூலிக்க உரிமம் தேவையா? வெறும் வசூலோடு நிறுத்தாமல் அவர் சார்பில் விற்பனையையும் நானே பேசி முடித்தால், ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வெளியிட்ட மாதிரி வரி ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவுப்படி அவருக்கு இங்கே நிரந்தர நிலையம் (இந்த நாட்டிலும் வரி கட்ட வைக்கும் தொழில் இருப்பு) உருவாகிவிடுமா?