‘அலைமறைவு’ சரிவருமா? வைஃபை எட்டாத மூலைக்கு ஒரு சொல்

அஸ்தம்பட்டியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குப் புது லேப்டாப் வாங்கி வைஃபை அமைப்பவர்களுக்கான கையேட்டில் நான்காம் பக்கம் ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. வைஃபை அலையைத் தரும் பெட்டியான ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைசி அறைக் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்தால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. அந்த இடத்தை என்னவென்று சொல்வது? வரைவில் ‘இறந்த மண்டலம்’ என்று இருக்கிறது. ‘டெட் ஜோன்’ என்பதை அப்படியே தூக்கி வைத்திருக்கிறோம். படித்தால் சுடுகாட்டுக்கு வழி சொல்வது போல இருக்கிறது. மண்டலம் என்பதும் அதிகம். பேசுவது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உள்ள நாலடி இடத்தைப் பற்றி.

நான் சொல்வது: அலைமறைவு. பள்ளிக்கூடப் புவியியலில் படித்த ‘மழைமறைவுப் பகுதி’தான் இதற்கு மூத்தது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது, கிழக்கே நம் சேலம் பக்கம் மழை குறைகிறது. இங்கே மலைக்குப் பதில் சுவர், மழைக்குப் பதில் அலை. ‘பீரோ மறைக்குது’ என்று வீட்டில் சொல்லும் பேச்சோடும் ஒட்டுகிறது.

கையேட்டில் அதைக் கண்டுபிடிக்கும் முறையும் இருக்க வேண்டும். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். வைஃபை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, சிக்னலின் வலிமையைக் காட்டும் டிபிஎம் எண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொல்லலாம். எண் மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. ஹாலில் மைனஸ் 42, நடையில் 55, கடைசி அறை வாசலில் 68, பீரோவுக்குப் பின்னால் 79 என்று வந்தால் கதை புரிந்துவிடும். மைனஸ் 67 வரை வீடியோ வகுப்பு தடங்கலில்லாமல் ஓடும். 70-ஐத் தாண்டினால் திக்கும், 80-ல் இணைப்பு நிற்பதே பெரிது. 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி. 42-லிருந்து 79 என்றால் 37 டெசிபெல், அதாவது ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் பீரோவுக்குப் பின்னால் போய்ச் சேருகிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

தம்பி, ‘மறைவு’ என்றதும் கண்ணுக்கு வருவது சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி. ‘இறந்த’ என்பதை வாசல் வழியே அனுப்பிவிட்டு, அதையே கொல்லைப்புற வழியாகக் கூட்டி வருகிறீர்களே!

அலைநிழல் என்று வைத்தால் என்ன? சின்னச் சொல், படமும் உடனே மனதில் வரும். விளக்குக்கு முன் தூண் நின்றால் பின்னால் நிழல். ரவுட்டருக்கு முன் பீரோ நின்றால் அலைநிழல்.

ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கலைச்சொல்லுக்கென்றே 1916-ல் இதே சேலத்தில் ராஜாஜி முதலானவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அந்த ஊரிலிருந்து ‘இறந்த மண்டலம்’ கிளம்பக் கூடாது என்பதில் மட்டும் உங்களோடு முழு உடன்பாடு.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, நிழல் என்ற சொல் மலைமேல் வேலைக்கு ஆகாது. காப்பித் தோட்டத்தில் நிழல் என்பது வேண்டுமென்றே வளர்ப்பது. சில்வர் ஓக் நட்டு, அதில் மிளகுக் கொடி ஏற்றி, நிழல் கூடினால் கிளையைக் கழித்து, குறைந்தால் கன்று வைத்துக் காப்பாற்றுகிறோம். ‘அலைநிழல் கூடுதலாக உள்ளது’ என்று எழுதினால் இங்கே நல்ல செய்தியாகப் படிப்பார்கள்.

இன்னொன்று, நிழலுக்கு விளிம்பு உண்டு. அலை அப்படி நேர்கோட்டில் நின்றுவிடுவதில்லை. வைஃபை பெரும்பாலும் ஓடுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் நேரே வருவதும் ஓரிடத்தில் சேர்ந்து கூடும், கொஞ்சம் தள்ளினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். லேப்டாப்பை மேசையிலேயே 6 சென்டிமீட்டர் நகர்த்தினால்கூட எண் மாறுவது இதனால்தான். ஓரிடத்தில் ஒரு முறை அளந்து முடிவு கட்டக் கூடாது என்று கையேட்டில் போடுங்கள். ஒரு சாண் இடைவெளியில் மூன்று இடம் அளந்து நடு எண்ணை எடுக்கட்டும். லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கும், அதனால் மூடியைப் பாதி மூடி வைத்து அளப்பதும் தப்பு.

மறைவுக்கே என் ஓட்டு. ஆனால் எது மறைக்கிறது என்பதில் இங்கே ஒரு மூடநம்பிக்கை உண்டு, அதையும் உடைத்துவிடுங்கள். ‘மூடுபனி இறங்கினா வைஃபை எடுக்காது’ என்பார்கள். இந்த அலைவரிசைகளில் பனிமூட்டம் குடிக்கும் சக்தி கணக்கிலேயே வராது. குடிப்பது நனைந்த இலை, ஈரம் ஊறிய கல்சுவர். பழைய பங்களாக்களில் ஒன்றரை அடி, இரண்டடிக் கல்சுவர் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அதற்குள் நுழையவே யோசிக்கும், 2.4 தட்டுத் தடுமாறி வரும். பனியும் ஈரமும் ஒரே நாளில் வருவதால் பழி பனிமேல் விழுகிறது.

அப்படிப்பட்ட சுவருக்கு ரிப்பீட்டர் மருந்தாகாது. பலர் அதை மறைவுக்கு உள்ளேயே கொண்டுபோய் மாட்டுகிறார்கள். தேய்ந்து வந்த சிக்னலை வாங்கி அதே தேய்மானத்தைத்தானே அது திரும்பக் கொடுக்கும்? ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுப்பதால் வேகமும் பாதியாகும். சுவரில் ஒரு துளை போட்டு கேட்-6 வகை லேன் கேபிள் இழுத்து, மறுபக்கம் அதை வைஃபையாக மாற்றித் தரும் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் தீர்வு. கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். செம்பு என்று விற்கும் அலுமினியக் கம்பியை வாங்க வேண்டாம். தனியாக நிற்கும் அவுட்ஹவுஸுக்கு இழுப்பதானால் செம்பே வேண்டாம். சித்திரை, வைகாசி இடியில் வெளியே கிடக்கும் கம்பி வழியே மின்வீச்சு இரண்டு பக்கப் பெட்டியையும் எரித்துவிடும். அங்கே ஃபைபர் என்ற கண்ணாடி இழைக் கேபிள் இழுத்து, இரு முனையிலும் ஒளியை மின்சிக்னலாகவும் மின்சிக்னலை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைக்க வேண்டும்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

ஏற்காட்டு அக்கா சொல்வது அக்கம்பக்கம் வீடில்லாத எஸ்டேட்டுக்குச் சரி. எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். செயலியைத் திறந்தால் பதினைந்து இருபது வைஃபை பெயர் வரிசை கட்டும். எண் மைனஸ் 48, கோடு எல்லாம் முழுசு, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். இதை மறைவு என்று எப்படிச் சொல்வது? இது நெரிசல். சொல்லைப் பிரிக்காமல் விட்டால், கையேட்டைப் படித்தவர் ரிப்பீட்டர் வாங்கி மாட்டுவார். நெரிசலில் ரிப்பீட்டர் மாட்டுவது, சந்தைக்குள் இன்னொரு மைக்செட் வைப்பது மாதிரி.

அலைநெரிசல் என்று இரண்டாவது சொல்லையும் கூடவே வையுங்கள். 2.4 அலைவரிசையை நம் நாட்டில் 13 சேனலாக, அதாவது தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஆனால் ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவை 1, 6, 11 மட்டும். பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். 40-ல் விட்டால் அண்டை வீட்டாரையும் சேர்த்துக் கெடுப்போம். மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதில் நிறுத்தலாம். நடுவில் 3, 8 என்று வைப்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும், உண்மையில் இரண்டு பக்கச் சத்தத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே லேப்டாப் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி 36 முதல் 48-க்குள் ஒரு சேனல். சுவர் தாண்டாதது அங்கே வரம், அண்டை வீட்டு அலையும் நம்மிடம் அவ்வளவாக வராது.

நெரிசலில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் திருடனையும் சொல்ல வேண்டும். நீலத்துளை யூஎஸ்பி 3-ல் ஹார்டு டிஸ்க் செருகினால் அந்த இணைப்பு 2.4-லேயே இரைச்சல் கிளப்பும். டிஸ்க்கைப் பிடுங்கினால் வைஃபை சரியாகிவிடும், கடைக்காரர் லேப்டாப் கோளாறு என்பார். நீள ஒயரில் டிஸ்க்கைத் தள்ளி வைத்தாலே போதும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே இனம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மறைவும் இல்லை, நெரிசலும் இல்லை, இணையமே வீட்டுக்கு வரவில்லை. மேட்டூருக்கு நீர்வரத்து என்று தினம் படிக்கிறோமே, அதே கணக்கில் இதை வரத்து என்று சொல்லலாம். ஃபைபர் பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் வரத்தே இல்லை. அப்போது ரவுட்டரை எந்த அலமாரியில் ஏற்றினாலும் பலன் கிடையாது. கதவிடுக்கில் கேபிள் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் மடித்துக் கட்டியிருக்கிறதா பாருங்கள். டம்ளர் வாய் அளவுக்கும் குறுக்கி வளைக்கக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

வரத்து அருமை! அந்த ஒரு சொல்லுக்காக நிழலைத் திரும்பப் பெறுகிறேன். வரத்து, நெரிசல், மறைவு மூன்றும் பேச்சில் புழங்குபவை, அகராதி பார்க்க வேண்டியதில்லை. மழைமறைவைப் படித்து யாரும் இரங்கல் கூட்டம் போடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நிபந்தனை. மறைவையும் மறைப்பையும் குழப்பாதீர்கள். மறைவு தானாக நேர்வது, மறைப்பு ஒருவர் செய்வது. தேர்வு மையத்தில் அலையை முடக்க வைக்கும் ஜாமரை நாளைக்கு அலைமறைப்பி என்று எழுத வேண்டியிருக்கும். அந்த இடத்தைக் காலியாக வைத்திருங்கள்.

மாடி வீட்டுக்கும் ஒரு வரி சேருங்கள். குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை மெதுவடை மாதிரிதான் பரவும், நடுவில் குச்சி. பக்கவாட்டில் சதை, நேர் மேலும் கீழும் ஓட்டை. குச்சி இரண்டையும் நட்டுக்குத்தாக நிறுத்தினால் மாடியில் நேர் மேலே உள்ள அறைக்கு ஓட்டைதான் போகும், அதோடு கம்பி கட்டிய கான்கிரீட் வேறு. ஒன்றைப் படுக்க வையுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

அப்படியானால் நான்காம் பக்கம் இப்படி அமையும்:

“புது லேப்டாப்பில் முதல் நாள் வேகம் அளக்காதீர்கள். விண்டோஸ் அப்டேட் பல ஜிபி இறங்கிக்கொண்டிருக்கும். அது முடிந்த பிறகு, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேரே லேன் கேபிள் போட்டு அளக்கவும். மெல்லிய லேப்டாப்பில் லேன் துளை இருக்காது, யூஎஸ்பி அடாப்டர் தேவைப்படும். கேபிளிலும் வேகம் இல்லையென்றால் குறை வரத்தில். கேபிளில் நன்றாக வந்து, அதே அறையில் இரண்டு மீட்டர் தள்ளி வைஃபையில் மட்டும் திக்கினால் அலைநெரிசல். அங்கேயும் நன்றாக வந்து, வேறு அறையில் மட்டும் மைனஸ் 70-க்குக் கீழே போனால் அலைமறைவு.

அலைமறைவுக்கு முதலில் காசில்லாத வைத்தியம். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் ஷோகேஸுக்குள்ளிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவே ஐந்தடி உயரத்தில் திறந்த பலகையில் வைக்கவும். ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இருந்தால் ரவுட்டரையோ லேப்டாப்பையோ நகர்த்தவும். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, கடைசி அறை லேப்டாப்பை 2.4-ல் இணைக்கவும். இதற்கும் மசியாவிட்டால் கேபிளும் ஆக்சஸ் பாயின்ட்டும்.”

ஃபைபர் பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தால் இணைப்பு கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும், ரவுட்டர் தனிப்பெட்டியாக இருந்தால் நாமே நகர்த்தலாம் என்பதையும் கீழே சேர்க்கிறேன். தமிழில் ‘அருகலை’ என்பதா, ‘வைஃபை’ என்றே விடுவதா என்ற பழைய சண்டையை இந்தப் பக்கத்தில் தொடவில்லை. அலைமறைவு இரண்டோடும் ஒட்டும்.

ஏற்காட்டிலிருந்து:

பட்டியலில் ஆளுயரக் கண்ணாடியை விட்டுவிட்டீர்கள். பின்பக்கம் பூசியிருப்பது உலோகம், மரப் பீரோவானாலும் கதவில் கண்ணாடி இருந்தால் அதுவும் மறைக்கும்.