பழைய லேப்டாப்போடு புது மானிட்டர்: நாங்கள் பட்ட பாடு

(ஆளுக்கு ஒரு கதை, ஒவ்வொரு * குறிக்குப் பிறகும் எழுதுபவர் மாறுகிறார்.)

என் லேப்டாப் 2009-ல் வாங்கியது. படத்தை வெளியே அனுப்ப அதில் இருக்கும் ஒரே வழி அந்த நீல நிற விஜிஏ போர்ட். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த சங்கதி, இருபது வருடம் கழித்தும் லேப்டாப்களில் உட்கார்ந்திருந்தது. நான் ஆசைப்பட்டு வாங்கிய மானிட்டரிலோ எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்ற புதுக் காலத்து போர்ட்டுகள் மட்டும்தான். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட்டால் ஆயிற்று என்று, உறையில் விஜிஏ, எச்டிஎம்ஐ என்று இரண்டு பெயரும் போட்டிருந்த ஒன்றை வாங்கி வந்தேன்.

மாட்டிப் பார்த்தால் எல்லாம் கச்சிதம். லேப்டாப்பிலிருந்து விஜிஏ கேபிள் கன்வெர்ட்டருக்குள் போகிறது, கன்வெர்ட்டரின் இன்னொரு முனை மானிட்டரின் எச்டிஎம்ஐயில் உட்காருகிறது. ஆனால் திரையில் 'நோ சிக்னல்' தவிர ஒன்றும் இல்லை. பழி முழுவதையும் லேப்டாப் மேல் போட்டேன். கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன். எஃப்என் விசையோடு மேல் வரிசையில் இருக்கும் அத்தனை விசைகளையும் அழுத்திப் பார்த்தேன். இரண்டு மாலைகள் போயின.

மூன்றாம் நாள்தான் அந்தக் கன்வெர்ட்டரின் முதுகில் கடுகளவு ஓர் அம்புக்குறி கண்ணில் பட்டது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு! இவையெல்லாம் ஒருவழிப் பாதை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். புது லேப்டாப்பைப் பழைய மானிட்டரோடு சேர்க்கிற கருவி அது, எச்டிஎம்ஐயின் டிஜிட்டல் சிக்னலை விஜிஏயின் அனலாகாக மாற்றும். எனக்கு வேண்டியது நேர் எதிரானது. முனைகள் பொருந்திவிட்டதால் சந்தேகமே வரவில்லை. பொருந்தாமல் போயிருந்தால் இரண்டு மாலைகள் மிஞ்சியிருக்கும்.

சரியான கன்வெர்ட்டரை அடையாளம் காண ஒரு வழி: அதற்கு யூஎஸ்பி வால் ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஆடியோ வயரும் கூட வரும். உள்ளே இருக்கும் சில்லுக்குத் தனியாக மின்சாரம் வேண்டும், விஜிஏயில் ஒலியும் போகாது, அதனால் அந்த இரண்டு வால்கள். மாட்டியதும் 1920 x 1080 வந்துவிட்டது. எழுத்துகளில் மட்டும் லேசான ஒரு மங்கல். அனலாகாக வெளியே வந்து திரும்ப டிஜிட்டலாக மாறுவதால் அவ்வளவுதான் கிடைக்கும். படம் ஒரு பக்கம் நாலைந்து புள்ளி நகர்ந்தும் இருக்கிறது. மானிட்டரின் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' இதற்கு உதவாது, ஏனென்றால் மானிட்டரைப் பொறுத்தவரை தனக்கு வருவது டிஜிட்டல் சிக்னல். பழகிவிட்டது.

*

எனக்குக் கன்வெர்ட்டரே தேவைப்படவில்லை. லேப்டாப்பிலும் மானிட்டரிலும் விஜிஏ. அப்படியும் மாட்டிக்கொண்டேன். 1024 x 768-க்கு மேல் விண்டோஸ் போகவே மாட்டேன் என்றது. அகலத் திரையில் எல்லோர் முகமும் பூசணிக்காய். மானிட்டரின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தது, அதாவது எந்த மானிட்டர் என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. அதுதான் துப்பு.

மானிட்டர் தன்னுடைய அளவு, தாங்கும் ரெசொல்யூஷன் (அகலத்திலும் உயரத்திலும் எத்தனை புள்ளிகள்) எல்லாவற்றையும் இடிஐடி என்ற சின்னத் தகவல் தொகுப்பாக லேப்டாப்புக்குச் சொல்கிறது. விஜிஏ முனையில் இருக்கும் 15 பின்களில் (ஊசிகளில்) 12-ம் 15-ம் அதற்கானவை. என் கேபிளின் முனையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் 12-ஆவது இடத்தில் பின்னே இல்லை. கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது. 9-ஆம் பின் இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தொந்தரவு தராது.

*

முதலில் எழுதியவன்தான். இதைப் படித்ததும் ஓடிப்போய் என் கேபிளைப் பார்த்தேன். 9 மட்டும்தான் இல்லை. நிம்மதி.

*

என் பிரச்சினை வேறு. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருக்கிறது, கேபிள் நல்லது, படமும் வருகிறது. ஆனால் மானிட்டர் 2560 x 1440, லேப்டாப் தருவதோ 1920 x 1080 மட்டும். பட்டியலில் அதற்கு மேல் எதுவுமே இல்லை. கொடுத்த படத்தை மானிட்டர் இழுத்து நிரப்பிக் காட்டுவதால் எழுத்தெல்லாம் ஈரத்தாளில் மை ஊறியது போல. பெரிய மானிட்டர் வாங்கிய சந்தோஷம் ஒரே மணி நேரத்தில் போய்விட்டது.

அது 2012 மாடல், மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, எச்டி 4000 கிராஃபிக்ஸ். கேபிளை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், எதுவும் அசையவில்லை. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1920 x 1080 படத்தை நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்) அனுப்ப 148.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக், அதாவது புள்ளிகளை அனுப்பும் வேகம், வேண்டும். 2560 x 1440-க்கு, வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடும் வெற்று இடைவெளிகளைச் சுருக்கினாலும், 241.5 வேண்டும். இந்தச் சில்லின் எச்டிஎம்ஐ வழி 225 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. கூடுதலாக வேண்டியது வெறும் பதினாறு சொச்சம்! அதற்காகத்தான் அந்த ரெசொல்யூஷனைக் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்தது.

60-ஐக் குறைத்தால்? கிராஃபிக்ஸ் கண்ட்ரோல் பேனலில் கஸ்டம் ரெசொல்யூஷன் என்ற பகுதியில் 2560 x 1440, 50 ஹெர்ட்ஸ் என்று கொடுத்தேன். திரை இருண்டது. மூன்று நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது, கத்தி மாதிரி. பிறகு 55 கொடுத்தேன், அதுவும் வந்தது. 55-ல் தேவை சுமார் 221 மெகாஹெர்ட்ஸ்தான், எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. லினக்ஸில் இருப்பவர்கள் எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையில் புது மோட் சேர்த்து இதையே செய்யலாம். 55 ஹெர்ட்ஸை ஏற்காத மானிட்டர்களும் உண்டு, அப்போது கொஞ்ச நேரம் காத்திருந்தால் பழைய ரெசொல்யூஷனுக்கே திரும்பிவிடும், ஒன்றும் கெட்டுப்போகாது.

எழுதவும் படிக்கவும் 60-க்கும் 55-க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் லேசாகத் தடுக்கும். உங்கள் பழைய லேப்டாப்பில் மினி டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் இந்த வித்தை எதுவும் வேண்டாம். அதன் தொடக்க காலப் பதிப்பே 2560 x 1600 வரை 60 ஹெர்ட்ஸில் தரும். என் லேப்டாப்பில் அது கிடையாது, என் நேரம்.

*

எச்டிஎம்ஐ போட்டதும் சத்தம் போய்விட்டதா? ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கு விண்டோஸ் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் ஐகானில் மாற்றிக்கொள்ளுங்கள். இதற்காக நான் விண்டோஸையே மறுபடி நிறுவியவன், சிரிக்காதீர்கள்.

*

எங்கள் வீட்டில் மானிட்டர் வந்தது ஆசைக்கு அல்ல. தங்கையின் லேப்டாப் கீழே விழுந்து திரை நொறுங்கிவிட்டது, உள்ளே எல்லாம் உயிரோடு இருந்தது. மானிட்டரை மாட்டினால் அதில் வால்பேப்பர் மட்டும் தெரிகிறது. ஐகான் இல்லை, டாஸ்க்பார் இல்லை. இரண்டு திரைகளையும் ஒரே நீளத் திரையாக்கும் எக்ஸ்டெண்ட் முறையில் இருந்ததால் வேண்டியதெல்லாம் நொறுங்கிய பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி வேலை செய்தோம். பாஸ்வேர்டைக் குருட்டாம்போக்கில் அடித்தோம். அப்புறம் விண்டோஸ் விசையோடு பி, கீழ் அம்பு ஒரு தட்டு, என்டர். அப்போது வரும் பட்டியலில் எக்ஸ்டெண்டுக்கு அடுத்த வரி 'இரண்டாம் திரை மட்டும்' என்பது, அதனால் ஒரே தட்டு போதும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் நாலைந்து முறை எண்ணிக்கை தவறி, ஒரு தடவை மானிட்டரும் இருண்டுபோனது.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். பவர் ஆப்ஷன்ஸில் மூடியைச் சாத்தும்போது 'எதுவும் செய்யாதே' என்று மாற்றினோம். ஆனால் இந்த மாடலில் சூடான காற்று கீல் பக்கமாகத்தான் வெளியே வருகிறது, மூடி வைத்தால் விசிறி இரைய ஆரம்பித்துவிடும். உடைந்த திரை எதற்கு என்று ஒருநாள் மூடியை மொத்தமாகக் கழற்றி ஓரமாக வைத்தேன். சூடு குறைந்தது. அன்றைக்கே வைஃபையும் படுத்துவிட்டது. ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு கோடு, எழுந்து நடந்தால் அதுவும் இல்லை. ஆன்டெனா வயர்கள் கீல் வழியாக ஏறித் திரையைச் சுற்றித்தான் ஓடுகின்றனவாம், மூடியோடு சேர்த்து அதையும் நான் பிடுங்கியிருக்கிறேன். இப்போது அந்த இரண்டு வயர்களையும் எடுத்து மறுபடி வைஃபை கார்டில் மாட்டி, நுனிகளை டேப் போட்டு மானிட்டரின் ஸ்டாண்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கிறது என்கிறாள் தங்கை. தேர்வுக்கு அதில்தான் படிக்கிறாள்.