அம்மாளாச்சியோடு கோபித்துக்கொண்ட அம்மம்மா

இறைநம்பிக்கை துன்பத்தைத் தாங்க உதவுமா என்று யாராவது கேட்டால், இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் பிறந்து இன்றும் அங்கேயே ஆசிரியராக இருக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் என் அம்மம்மாதான். ஆனால் அவர் பொறுமையோடு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவர் அல்லர். பக்கத்து ஊரான வற்றாப்பளையில் கண்ணகியாகக் கோயில் கொண்டிருக்கும் அம்மாளாச்சியோடு நேருக்கு நேர் கோபித்துக்கொண்டவர்.

அந்தக் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கரையில் கடல்நீர் எடுத்துவந்து, எங்கள் ஊர்க் காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கெரிப்பது வழக்கம். மதுரையை எரித்த பின் கண்ணகி கிழவி வடிவில் நந்திக்கடலோரம் வந்து, அங்கே மாடு மேய்த்த சிறுவர்களோடு தங்கினாள் என்றும், பொழுதுபட்டபோது விளக்குக்கு எண்ணெய் இல்லையென்று அவர்கள் சொல்ல, கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள் என்றும் கதை. அம்மம்மா அதைச் சொல்லி முடிக்கும்போது எப்போதும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்: "அவள் எண்ணெய் குடுக்கேல்லை மோனை. பக்கத்திலை இருந்த தண்ணியிலைதான் எரிக்கச் சொன்னவள்."

போரின் இறுதி மாதங்களில் புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று இடம்பெயர்ந்துகொண்டிருந்தபோது, இரணைப்பாலையில் பதுங்குகுழி வாசலில் வைத்தே செல் பட்டு மாமா இறந்தார். மாமா அம்மம்மாவின் ஒரே ஆண்பிள்ளை. அவரைப் புதைத்த அன்றே அம்மம்மா திருநீறு பூசுவதை நிறுத்திவிட்டார். 2009 ஏப்ரல் 20 அன்று மாத்தளன் கடந்து, மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்த பின்னரும் அவருடைய நெற்றி வெறுமையாகவே இருந்தது. ஆயினும் வைகாசி வந்ததும், நிவாரண அரிசியில் ஒரு சுண்டு எடுத்து, தறப்பாளுக்கு வெளியே மூன்று கல் வைத்துப் புக்கை பொங்கினார். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்டேன்.

"கோவம் எனக்கும் அவளுக்கும். பொங்கல் ஊருக்கு" என்றார்.

பத்து வருடங்களுக்கு மேலாக அந்தப் பதிலை நான் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். கடவுள் இல்லையென்று அவர் நினைத்திருந்தால் கோபித்துக்கொள்ள ஆளிருந்திருக்காது. முகாமில் ஒருமுறை, இவையெல்லாம் முற்பிறப்பு வினை என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னபோது, "அந்தச் சின்னப் பிள்ளையளும் வினை செய்ததுகளோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். (அந்தப் பெரியவர் வெளியூரிலிருந்து வந்தவர், அவர் குடும்பத்தில் எவரும் குறையவில்லை என்பதை நான் பிறகு அறிந்தேன்.)

விளக்கம் வேண்டாமென்று சொன்ன இன்னொருவரும் இருக்கிறார். அவர் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்யும் கத்தோலிக்கர். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிறு. கடல் எழுந்த அந்தக் காலையில் மனைவியை இழந்தார். இன்றும் ஞாயிற்றுப் பூசையைத் தவறவிடுவதில்லை. எனினும் "கடவுள் என்னைக் காப்பாற்றினார்" என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. காரணம் கேட்டபோது, "மனுசியும் செபமாலை சொல்லுறவதான் மாஸ்டர். நான் தப்பினதுக்கு அவருக்கு நன்றி சொன்னால், அவளுக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார். நன்றிக்கும் இழப்புக்கும் கணக்குப் பார்க்காத அந்தப் பக்தி, சாட்சியம் சொல்லும் மேடைகளில் நான் கேட்ட எதையும்விட எனக்கு உண்மையாகத் தோன்றியது.

மூன்றாவது சந்திப்பைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே பழக்கமான ஒரு தாய், வெள்ளிக்கிழமைதோறும் மகனுடைய பெயருக்கு அர்ச்சனை செய்விப்பவர். இறந்தவருக்கு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவர்களுக்கு அந்தியேட்டி என்னும் இறப்புக் கிரியையும் திவசமுந்தான். அந்தியேட்டியைச் செய்து முடித்துவிட்டால் மனம் ஆறும் என்று உறவினர்கள் சொன்ன நாளிலிருந்து அவர்களுடைய வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அந்த அர்ச்சனைத் தட்டு அவரைத் தாங்கி நிறுத்துகிறதா, அல்லது அந்த 2009ஆம் ஆண்டிலேயே கட்டி வைத்திருக்கிறதா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் அவரோடு உள்ளே போயிருந்தேன். முன்னால் நின்ற எல்லோரிடமும் பெயரும் நட்சத்திரமும் கேட்டுக்கொண்டு வந்த ஐயர், அவருடைய தட்டை வாங்கியதும் எதுவும் கேட்கவில்லை. பெயரைச் சொல்லி, அனுச நட்சத்திரம் என்று தானே சங்கற்பத்தைத் தொடங்கினார்.