ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறோம்

ஜனக்புரியிலிருந்து:
விகாஸ்புரி பக்கம் மியான்மரிலிருந்து அகதிகளாக வந்த சின் இன மக்கள் வாடகைக்கு இருப்பது தில்லித் தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். போன வருடம் எங்கள் சபை அறுப்பின் பண்டிகைக்கு அவர்களையும் அழைத்திருந்தோம். சாட்சி நேரத்தில் எங்கள் ஆட்கள் வழக்கம்போல மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகப்பிரசவம், துவாரகாவில் ஃபிளாட் என்று சொல்லி முடித்தார்கள். அப்புறம் ஒரு சின் அம்மா எழுந்தார். தந்த்லாங் ஊர்க்காரர். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த செப்டம்பரில் அங்கே வீடுகள் எரிந்தபோது தீயை அணைக்கப் போன போதகரையே சுட்டுக்கொன்றார்களே, அதே ஊர்.

அவர் சொன்னதை மகள் இந்தியில் சொன்னாள்: "ஊரில் கடைசி நாட்களில் ஷூவோடுதான் படுத்தோம். எப்போது ஓட வேண்டியிருக்குமோ தெரியாது, பிள்ளைகளுக்கும் கழற்றவில்லை. இங்கே ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்லக்கூட யாருக்கும் உடனே வாய் வரவில்லை. பக்கத்தில் அவருடைய சின்னப் பையன் வெறுங்காலை ஆட்டிக்கொண்டே அதிரசத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கால் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நிம்மதியாகத் தூங்கினதற்கு ஒருவர் எழுந்து நன்றி சொல்லி எங்கள் சபையில் நான் கேட்டதே இல்லை.

முனீர்காவிலிருந்து:
அக்கா, அந்த அம்மாவின் சாட்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை வைத்து "நம் நாடு அமைதியான நாடு" என்று நாம் மார்தட்டிக்கொள்ளக் கூடாது. என் எதிர்வீட்டுப் பெண் மணிப்பூர், சூராசாந்த்பூர். 2023 மே 3-இல் இனக்கலவரம் வெடித்த பிறகு அங்கே இண்டர்நெட்டை நிறுத்தியதால் மாதக்கணக்கில் அம்மா முகத்தை வீடியோவில்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தால் போனை மடியிலேயே வைத்திருப்பாள். ஒருநாள் பாதி ஜெபத்தில் அடித்தது. ஏதோ கம்பெனி விளம்பர அழைப்பு. அவள் கை நடுங்கியதைப் பார்த்தவன் நான். அவளும் இந்த நாட்டுப் பெண்தானே?

மயூர் விகாரிலிருந்து:
தம்பி, அந்த அம்மா நாட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை, தூங்கக் கிடைத்த இரவுக்கு நன்றி சொன்னார். அதைத் தடுக்காதீர்கள். என் சின்னம்மா மகளை மட்டக்களப்பில் கட்டிக்கொடுத்தோம். 2019 ஈஸ்டர் அன்று அங்கே சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பள்ளி முடித்துவிட்டு வந்த பிள்ளைகள் நடுவில் குண்டு வெடித்தது. பிறகு ஒரு ஈஸ்டருக்கு இங்கே வந்தவள், பையோடு யார் உள்ளே வந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சரி, இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிறையிருப்பில் இருந்தவர்களுக்கே, இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி ஜெபியுங்கள் என்று எரேமியா 29-இல் எழுதியிருக்கிறது. 1 தீமோத்தேயு 2-இல் பவுல் ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொன்னதும் நாம் அமைதியாகப் பிழைக்கத்தான். அதனால் ஞாயிறு ஜெபத்தில் மணிப்பூரையும் மியான்மரையும் பேர் சொல்லிச் சேருங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. சின் மக்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுத்த அட்டைதான். அதைக் காட்டினால் வீட்டுக்காரருக்குப் புரியாது. பழைய ஸ்வெட்டரை மூட்டை கட்டிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். வாடகை பேசும்போது கூடப் போங்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில் கூட நில்லுங்கள், அவர்களுக்கு இந்தி சரியாக வராது. பள்ளியில் ஆதார் கேட்டால் தலைமை ஆசிரியரிடம் பொறுமையாகப் பேசுங்கள். சபையில் இதற்கென்றே இரண்டு பேரை நியமியுங்கள், எல்லோருடைய வேலை என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஜனக்புரியிலிருந்து:
முனீர்கா தம்பி, நீங்கள் சொல்வதும் நியாயம்தான். அந்தப் பெண்ணை வருகிற ஞாயிறு எங்கள் சபைக்கு அழைத்து வாருங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மயூர் விகார் அண்ணா, அந்த சின் அம்மாவை வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமை புரோக்கரைப் பார்க்கப் போகிறேன். வாடகை பேசத் தெரிந்த நீங்களும் வந்தால் நல்லது.